வெண்ணெய் தெரியணும்

மன்னிப்புக் கேட்கிற வாய் எனக்குக் கிடையாது. சண்டை போடுகிற வாய் உண்டு, ஒன்று கேட்டால் ஒன்பது பதில் சொல்கிற வாய் உண்டு. ஆபீசில் சூப்பிரண்டே "அந்தம்மாகிட்ட நீங்களே கேட்டுக்குங்க" என்று நைசாக நழுவிவிடுவார். ஆனால் "தெரியாம செஞ்சுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்ல மட்டும் நாக்கு எழும்பாது. மூன்று வருடம் கழித்து என் நாத்தனாருக்காக நான் பப்ஸ் செய்ய இறங்கியது அதனால்தான். வாயால் சொல்ல முடியாததைத் தட்டில் வைத்து நீட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

நாத்தனார் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சிதம்பரத்தில் தேரோடும் வீதி ஒன்றில் வீடு. அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன நாளிலிருந்து முட்டைகூடத் தொடுவதில்லை. பிறந்தநாள் வீடுகளில் கேக்கை நீட்டினால், "முட்டை போட்டிருக்கும், வேணாம்மா" என்று சிரித்துக்கொண்டே மிக்சரை எடுத்துக்கொள்வார். யாரையும் குறை சொல்ல மாட்டார். தன் வாய்க்குள் போவதில் மட்டும் அவ்வளவு கட்டுப்பாடு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன அன்று சாயங்காலம், வந்தவர்களுக்கு டீயோடு கொடுக்க பேக்கரியில் பப்ஸ் வாங்கியிருந்தோம். வெஜ் ஒரு பெட்டி, முட்டை ஒரு பெட்டி. இரண்டையும் தனித்தனியாக வைக்கச் சொல்லி என் கணவரிடம் பத்துத் தடவை படித்துப் படித்துச் சொன்னவள் நான். கும்பல் சேர்ந்த அவசரத்தில் இரண்டு பெட்டியையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டியவளும் நானேதான். அண்ணி ஒன்றை எடுத்துக் கடித்தார். இரண்டாவது கடியில் மஞ்சள் கரு தெரிந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு வாசல் குழாய்க்கு ஓடினார். கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார். அப்போது நான் பின்னாலேயே ஓடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. எனக்கு அவமானம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "ஒரு வாய் முட்டைக்கு உயிரா போயிடும்?" என்று கேட்டுவிட்டேன். குழாயடியில் அண்ணியின் காதில் அது நன்றாக விழுந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் போய்விட்டார்.

அதன் பிறகு இந்த வீட்டுக்கு அவர் வராமல் இல்லை. என் கணவர் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தபோது ஒரு முறை வந்தார். இன்னொரு முறை என் மகளைக் காலேஜில் சேர்க்க அழைத்துப் போக வந்தார். இரண்டு முறையும் பையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். நீல மூடி போட்ட ஸ்டீல் பாட்டில். "தண்ணி குடிங்க அண்ணி" என்று நான் டம்ளரை நீட்டினால், "இருக்கும்மா" என்று பாட்டிலைத் தொட்டுக் காட்டுவார். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன். அந்தப் பாட்டிலோடு என்னவென்று சண்டை போடுவது?

இதற்கு நடுவில் அவர் செய்ததுதான் என்னை இன்னும் அதிகமாகக் குத்திக்கொண்டிருந்தது. என் மகளுக்கு அண்ணாமலை நகரில் படிக்க இடம் கிடைத்து ஹாஸ்டலில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்று தவறாமல் அண்ணி அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு, தலையில் எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொல்லி, வயிறாரச் சோறு போட்டு, திங்கட்கிழமைக்கு டப்பாவில் புளிசாதமும் கட்டிக்கொடுத்து அனுப்புவார். முதல் வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் அத்தை வீட்டிலேயே கிடந்தாள். ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டது அண்ணி. எனக்குத் தெரிந்தது காய்ச்சல் விட்ட பிறகு. என் கணவர் போனில் அக்காவிடம் நன்றி சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். போனை என்னிடம் நீட்டினார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடிவிட்டேன். அடுப்பில் அப்போது ஒன்றுமே இல்லை.

ஒரு வாய்த் தண்ணீர்கூட என் கையால் வாங்காத மனுஷி என் பிள்ளைக்கு வாரா வாரம் சோறு போடுகிறாள். இந்தக் கடனை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வருடம் எப்படியாவது அண்ணி என் வீட்டில், என் கையால் எதையாவது சாப்பிட வேண்டும் என்று முடிவு கட்டினேன். எதில் அறுந்ததோ அதிலேயே முடிச்சுப் போட வேண்டும். பப்ஸ்தான். முட்டை வாசம்கூடப் படாத, வீட்டிலேயே செய்த பப்ஸ்.

நாளும் இருந்தது. தை ஐந்தாம் நாள் எங்கள் பக்கம் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்ட ஊர்ச் சாமிகளெல்லாம் பெண்ணையாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். அன்றைக்கு யார் வீட்டிலும் விருந்தாளி இல்லாமல் இருக்காது. என் கணவர் போன் போட்டார். "பாப்பா வந்து கூப்புட்டா வரேன்" என்றாராம் அண்ணி. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்த மகளை உடனே சிதம்பரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டேன்.

பப்ஸ் மாவுச் செய்முறையை எனக்குப் போனில் அனுப்பியதும் மகள்தான், மார்கழியில். 'மிக மிக ஈஸி' என்று அந்த வீடியோவுக்குப் பெயர். அந்த ஈஸிக்கு என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. மைதாவில் உப்பும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டு, ஜில்லென்ற தண்ணீரில் லேசாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வெண்ணெயை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துப் பூரிக்கட்டையால் தட்டிப் பலகையாக்க வேண்டும். மாவுக்குள் வெண்ணெயை வைத்து மூடித் தேய்த்து, மூன்றாக மடித்து, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். மறுபடி தேய்க்க வேண்டும், மறுபடி மடிக்க வேண்டும், மறுபடி ஃப்ரிட்ஜ். இப்படி நாலு தடவை.

முதல் தடவை நான் அதைப் பிசைந்து தொலைத்துவிட்டேன். நம் வீடுகளில் மாவு என்றால் பிசைவதுதானே? கையில் ஒட்டாமல், தொட்டால் காதுமடல் மாதிரி மெத்தென்று வரும்வரை விடக்கூடாது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். மகள் வீடியோ காலில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, வெண்ணெ தெரியணும். மாவுக்குள்ள மறைஞ்சிடக் கூடாது. அது தனியா நின்னாத்தான் சூட்டுல மாவ தூக்கும், அப்பதான் ஏடு ஏடா பிரியும். பெசையவே பெசையாத!"

இரண்டாவது தடவை பிரமாதமாக வந்தது. உள்ளங்கை அகலத்தில் நாலு துண்டு, ஓவனிலிருந்து எடுத்ததும் விரலுயரம் எழும்பி நின்றன. விரல் பட்டாலே ஏடு உதிர்ந்தது. என் கணவர் மூன்றைத் தின்றுவிட்டு, "கடை தோத்துச்சு போ" என்றார். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் ஆபீஸ் உண்டு. விடியற்காலையில் எழுந்து மாவைத் தயார் செய்து, மூன்று மடிப்பு முடித்து, நாலாவது மடிப்பை மத்தியானம் வந்து போட்டுக்கொள்ளலாம் என்று ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனேன். ஆபீஸ் நடக்கிற தூரம்தான். அண்ணியும் மகளும் பதினொரு மணிக்கு வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு, பாதி ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன்.

அண்ணி சமையலறையில் நின்றிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகி, முழங்கை வரை மாவு. மேடையில் என் தாம்பாளம், அதன் மேல் ஈரத்துணி.

"வாம்மா" என்றார், மூன்று வருடம் நடுவில் நடக்காத மாதிரி. "தயிர உள்ள வெக்கலாம்னு ஃப்ரிட்ஜ தொறந்தேன். பாத்தா மாவு அரகொறையா கெடக்குது. வெண்ணெயெல்லாம் திட்டுத் திட்டா அப்படியே நிக்குது. பாவம், ஆபீஸ் அவசரத்துல பாதில போட்டுட்டுப் போயிருக்கான்னு நெனச்சேன். போளிக்கோ பூரிக்கோ தெரியல. எதுக்கா இருந்தா என்ன? கொஞ்சம் வெந்நி தெளிச்சு, ரெண்டு சொட்டு நல்லெண்ணெ விட்டு அடிச்சுப் பெசஞ்சிட்டேன். இப்ப தொட்டுப் பாரு."

துணியை விலக்கித் தொட்டேன். காதுமடல். ஒரு பொட்டு வெண்ணெய்கூடக் கண்ணில் படவில்லை.

பின்னால் என் மகள் ஈரத்தலையோடு குளியலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. விடியற்காலை எழுந்து கெட்ட தூக்கம், ஆள் விட்டுப் புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்த உப்பில்லாத வெண்ணெய், ஒரு மாதப் பழக்கம், எல்லாம் சேர்ந்து, "யாரைக் கேட்டுத் தொட்டீங்க?" என்று பல் வரைக்கும் வந்துவிட்டது. அது மட்டும் வெளியே விழுந்திருந்தால் அண்ணி அடுத்த பஸ்ஸில் போயிருப்பார். இந்தத் தடவை திரும்பி வந்திருக்க மாட்டார்.

அப்போதுதான் மேடையின் ஓரத்தைப் பார்த்தேன். நீல மூடி பாட்டில் நின்றது. அதன் பக்கத்தில் அண்ணியின் நாலு தங்க வளையல்கள். மாவு ஒட்டாமல் இருக்கக் கழற்றி வைத்திருக்கிறார். தண்ணீர் குடிக்காத வீட்டில், வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த விதத்தில் அவரும் எதையோ நீட்டியிருக்கிறார் என்று எனக்கு அந்த நிமிஷத்தில் உறைத்தது.

"நல்லா இருக்கு அண்ணி" என்றேன். குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. கொல்லைப்பக்கம் போய், ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்த குக்கரை எடுத்து மறுபடி தேய் தேய் என்று தேய்த்தேன்.

என் கணவர் பின்னாலேயே வந்தார். "வேற மாவு போட்டுடலாமா? அக்கா சித்த நேரம் படுப்பா, அதுக்குள்ள..." என்று இழுத்தார்.

"வேணாம். அவுங்க கைபட்ட மாவு அது. அதுலதான் செய்வேன்."

"அதுல பப்ஸ் வராதே?"

"வராட்டி போவுது. நீங்க வாயத் தொறக்காம இருந்தா போதும்."

அன்றைக்கு இரண்டு வேளையும் அண்ணி சிதம்பரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தையும் தயிரையுமே சாப்பிட்டு, தன் பாட்டில் தண்ணீரையே குடித்தார். மறுநாள் காலையில் எல்லோரும் ஆற்றுக்குப் போனோம். மணலில் கால் வைக்க இடமில்லை. சாமிகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, திருவிழா என்றால் வாங்காமல் வர முடியாத சிறுவள்ளிக்கிழங்கை அண்ணியே குவியலில் கைவிட்டுப் பொறுக்கி எடுத்தார். பப்ஸுக்குள் உருளைக்கிழங்குக்குப் பதில் அதையே வைக்கலாம் என்று எனக்கு அங்கேதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து வேகவைத்து, தோல் உரித்து, பச்சைப் பட்டாணி, இஞ்சி, பச்சைமிளகாய், கொஞ்சம் சோம்பு போட்டுப் பிரட்டினேன். கிழங்கின் மண்வாசனையோடு மசாலா வாசனை சேர்ந்தது. உள்ளே வைப்பதாவது நன்றாக அமைந்ததே என்று நிம்மதியாக இருந்தது.

மாவைத் தேய்த்துச் சதுரமாக வெட்டி, மசாலா வைத்து முக்கோணமாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தினேன். மகள் தட்டில் அடுக்கினாள். மேலே தடவக் கிண்ணத்தை எடுத்தபோது அண்ணி பக்கத்தில் வந்து நின்றார்.

"இது என்னம்மா பலகாரம்?"

"பப்ஸ், அண்ணி."

அண்ணி என் கையிலிருந்த கிண்ணத்தையே பார்த்தார். பேக்கரியில் மினுமினுப்புக்கு மேலே முட்டையைத் தடவுவார்கள் என்று அவருக்கும் தெரியும்.

"பால் அண்ணி. பால் மட்டும்தான்" என்றேன். கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் குனிந்து முகர்ந்து பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பிரஷ்ஷை என் கையிலிருந்து வாங்கி, தட்டு முழுக்க அவரே தடவி முடித்தார்.

ஓவனிலிருந்து வெளியே வந்தவை எழும்பவில்லை. உள்ளே வைத்த உயரத்திலேயே, சிவந்து, கெட்டியாக, மாவு பிஸ்கட் மாதிரி கிடந்தன. வாசனைக்கு ஒன்றும் குறைவில்லை. அதற்குள் மங்கலம்பேட்டையிலிருந்து என் தம்பியும் அவன் மனைவியும் வந்துவிட்டார்கள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதல் தட்டை அண்ணியிடம்தான் நீட்டினேன்.

அண்ணி ஒன்றை எடுத்தார். கடித்தார். மென்றார். என் உயிர் அவர் வாய்க்குள் இருந்தது.

"கெழங்கு நல்லா இருக்கு" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். என் தம்பி விடுவானா? ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் உடைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது பப்ஸா? இத ஒடைக்க சுத்தியல் இருந்தா குடேன். மாமா, பல்லு ஜாக்கிரத!" என்றான். அவன் மனைவி தொடையில் கிள்ளினாள்.

என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று வருடத்தில் எனக்காக அவர் பரிந்து பேசிய ஒரே தடவை அதுதான், அதையும் இப்படியா பேச வேண்டும்! "உங்க அக்காவச் சொல்லாத மச்சான். போன வாரம் செஞ்சா பாரு, பூ மாதிரி பிரிஞ்சுது. இந்த மாவும் நல்லாத்தான் இருந்துச்சு. எங்க அக்காதான் தெரியாம..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணி கையில் இருந்த பாதித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெண்ணெ தெரியணுமா இதுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "ஆமா அண்ணி" என்றேன்.

"அடப்பாவமே. விடியக்காலம் எந்திரிச்சு செஞ்சத நான் கெடுத்துட்டனா? ஒரு வார்த்த சொல்லலியேம்மா நீ. தெரியாமத்தான் செஞ்சேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை, அவமானம் என்று நினைக்கவில்லை. மூன்று வருடமாக என் தொண்டையில் நின்ற அதே வார்த்தை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. தட்டைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு நானும் தெரியாமத்தான் அண்ணி வெச்சேன்" என்றேன். "வேணும்னு வெக்கல. ஆனா அதுக்கப்புறம் சொன்னது இருக்கு பாருங்க, அது தெரிஞ்சேதான் சொன்னேன். அது தப்பு. எம் புள்ளைக்கு சோறு போட்டீங்க, காய்ச்சல்ல பக்கத்துல உக்காந்தீங்க. அதுக்குக்கூட ஒரு வார்த்த சொல்லாம இருந்துட்டேன்."

"பசிச்ச புள்ளைக்கு சோறு போட ஒங்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா? அவ எங்க வீட்டுப் பொண்ணு." என்றார் அண்ணி. "முட்டைய நீ தெரியாமத்தான் வெச்சேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீ வந்து ஒரு வார்த்த சொல்லுவேன்னுதான் இத்தன நாளா பாத்துக்கிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு, கையில் இருந்த மீதித் துண்டை வாயில் போட்டு மென்றார். கெட்டி மாவு தொண்டையில் அடைத்துக்கொண்டது. இரண்டு முறை இருமினார். மகள் பதறி உள்ளே ஓடி நீல மூடி பாட்டிலை எடுத்துவந்து நீட்டினாள்.

அண்ணி அதைக் கையால் ஒதுக்கினார். "அது எதுக்குடி? ஒங்கம்மாவ ஒரு டம்ளர் தண்ணி கொண்டாரச் சொல்லு."

நான் கொண்டுவந்த தண்ணீரை அண்ணாந்து முழுக்கக் குடித்தார். டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். ஊற்றினேன். பாதி என் கைமேலேயே கொட்டியது. தம்பி அதற்கும் ஏதோ கேலி பேசினான். என்ன சொன்னான் என்று என் காதில் விழவில்லை.

சாயங்காலம் அண்ணி கிளம்பும்போது, பாட்டிலில் மீதி இருந்த சிதம்பரத்துத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். பாட்டிலைக் கழுவி, எங்கள் குடத்துத் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, நீல மூடியைத் திருகி அவர் பையில் வைத்தேன். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டேதான் வளையல்களைப் போட்டுக்கொண்டிருந்தார்.